தாழியோடு போன கருவளை

எங்கள் தோப்பில் தாழி இருக்கிற விஷயம் மழைக்குழி வெட்டும்போதுதான் தெரிந்தது. பாலக்காட்டுப் பக்கம், நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே இருக்கிறது எங்கள் ஊர். மலைக்கு மேற்கே கொட்டித் தீர்க்கிற மழை எங்களிடம் வரும்போது வெறும் மேகமாகத்தான் வரும். தென்னைகள் ஒவ்வொன்றாகக் குருத்து சாய்ந்துகொண்டிருந்தன. பெய்கிற கொஞ்சத் தண்ணீரையாவது நிலத்தில் நிறுத்துவோம் என்று ஜேசிபி வைத்துக் குழி வெட்டினேன். இடுப்பளவு ஆழம் போனதும் வண்டிக்காரர் நிறுத்திவிட்டு இறங்கினார். சிவப்பாக, வளைவாக ஏதோ தெரிந்தது. பெரிய பானையின் வாய். ஒரு பக்கம் உடைந்திருந்தது.

மலையாளத்தில் அதற்கு நன்னங்காடி என்று பெயர். நாம் முதுமக்கள் தாழி என்கிறோம். செத்தவர்களை அந்தக் காலத்தில் அதற்குள் வைத்துப் புதைத்தார்கள் என்று எட்டாவது வரை படித்த எனக்கும் தெரிந்திருந்தது. வண்டியை அனுப்பிவிட்டு, ஒரு தேங்காய் உடைத்துச் சூடம் ஏற்றி, யாராக இருந்தாலும் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டேன். மண்ணைத் தள்ளி மூடிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் வண்டிக்காரர் எடுத்த போட்டோ ஊரெல்லாம் சுற்றி, ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மூலமாகப் பல்கலைக்கழகத்துக்கே போய்விட்டது.

வந்தவர்கள் மானுடவியல் துறைக்காரர்கள். துறைத் தலைவர் ஒரு அம்மா; எல்லோரும் டீச்சர் என்று கூப்பிட்டதால் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். கூட வந்த மாணவர்களில் ஒரு பெண் பொள்ளாச்சிப் பக்கம். எலும்புகளைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி. மலையாளம் பேசுகிற கூட்டத்தில் அவள் ஒருத்தி "ஏனுங்கம்மா, குடிக்கத் தண்ணி கெடைக்குமுங்களா" என்று வந்து நின்றதும் என் மனைவிக்கு அவளை அப்படிப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்கு எங்கள் வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு. அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் ஊற்றி உட்காரவைத்துப் பரிமாறுவாள். எங்களுக்கு ஒரே மகன், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஒரு பெண் பிள்ளை வீட்டுக்குள் நடமாடுவதைப் பார்க்க என் மனைவிக்கு ஆசை. எதனால் என்று எனக்குத் தெரியும். நாங்கள் அதைப் பேசுவதில்லை.

பேசுவதில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மகன் பிறப்பதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தது. சித்தூர் ஆஸ்பத்திரியில் பிறந்து, வீட்டுக்கு வந்து, பேர் வைக்கிற நாள் வருவதற்குள் மஞ்சள் காமாலையில் போய்விட்டது. பேர் வைக்காத குழந்தைக்கு எங்கள் வழக்கத்தில் சடங்கு எதுவும் இல்லை. எரிப்பதும் இல்லை. சொந்த நிலத்தில் புதைப்பதுதான். பெற்றவர்கள் கூடப் போகக்கூடாது. எந்த இடம் என்று கேட்கவும் கூடாது. தெரிந்தால் தாய் அங்கேயே போய் உட்கார்ந்துகொள்வாள், அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். என் பெரியப்பா குழந்தையைத் தோள் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, மற்ற கையில் மண்வெட்டியோடு தனியாகத் தோப்புக்குள் போனார். திரும்பிவந்து கிணற்றில் குளித்தார். பிறகு அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்தும் வெகுகாலம் ஆகிறது.

எங்கள் தோப்பின் வடக்கு மூலையில் வேப்பமரத்தடியில் கன்னிமார் இருக்கிறார்கள், ஏழு கற்கள். கன்னியாகச் செத்தவள் கன்னிமாரோடு சேர்ந்துவிடுவாள் என்பது எங்கள் நம்பிக்கை. பெரியப்பாவும் அங்கேதான் வைத்திருப்பார் என்று என் மனைவி தானாகவே முடிவு செய்துகொண்டாள். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு டம்ளர் பால் கொண்டுபோய் அந்தக் கற்களுக்குப் பக்கத்தில் மண்ணில் ஊற்றிவிட்டு வருவாள். கல்லின் மேல் இல்லை, பக்கத்தில். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவேன். தாழி கிடைத்தது தெற்கே, வாய்க்கால் ஓரம்.

அவர்கள் தோண்டிய விதத்தைப் பார்த்தால் எனக்கே மரியாதை வந்தது. நூல் கட்டிச் சதுரம் பிரித்து, கரண்டியாலும் பிரஷ்ஷாலும் மண்ணைத் தள்ளினார்கள். தாழியைச் சுற்றிலும் பள்ளம் எடுத்து, உள்ளே இருக்கிற மண்ணை அசைக்காமல், கால் முறிந்தவனுக்குக் கட்டுப் போடுவதுபோல் மாவுக்கட்டுப் போட்டு, சங்கிலி மாட்டித் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். உள்ளே இருப்பதைத் துறையில் வைத்து மெதுவாகப் பார்க்க வேண்டுமாம். வண்டி கிளம்பும்போது என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். யாரோ ஒரு பெரியவரை அனுப்பிவைக்கிற நினைப்பில்தான் இரண்டு பேரும் நின்றோம்.

சில மாதம் கழித்துத் துறையில் விழா என்று டீச்சர் கூப்பிட்டார். நான் மட்டும் போனேன். வராந்தா முழுக்கத் துறை செய்த வேலைகளைப் பலகைகளில் எழுதி மாட்டியிருந்தார்கள். அட்டப்பாடி மலை ஊர்களில் ரத்த நோய் பற்றிச் செய்த வேலை ஒன்று. இடுக்கி எஸ்டேட் லயத்து வீடுகளில் நம் தமிழ்க் குடும்பங்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது ஒன்று. வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்த கட்டுரைகள், யார் யாருக்கு என்ன பட்டம் என்றெல்லாம். கடைசிப் பலகையில் எங்கள் தோப்பு. நான் மண்வெட்டியோடு நிற்கிற போட்டோவும் இருந்தது. மேடையில் டீச்சர் பேசியது மலையாளமும் இங்கிலீசும் கலந்து முக்கால்வாசி எனக்குப் புரிந்தது. தாழிக்குள் பெரிய ஆள் ஒருவரின் எலும்புகளோடு, மேல் மண்ணில் ஒரு சின்னக் குழந்தையின் எலும்புகளும் கிடைத்திருக்கின்றன, இது அபூர்வம், தாயும் சேயுமாக இருக்கலாம், சோதனைகள் இன்னும் பாக்கி. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் பொன்னாடையைக் காட்டி இதையெல்லாம் சொன்னேன். அடுப்படியில் நின்றிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கொழந்த எத்தன பெருசுங்களாமா?"

அதெல்லாம் யாருக்குத் தெரியும், சின்னது என்றார்கள் என்றேன்.

"தாழி வாய் ஒரு பக்கம் ஒடஞ்சு கெடந்துதல்லங்க. அது ஜேசிபி ஒடச்சதுங்களா, முன்னாடியே ஒடஞ்சதுங்களா?"

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் நான் விபூதி பூசிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, இத்தனை வருஷம் பேசாத பேச்சை அவளே எடுத்தாள். குழந்தைக்கு ரெண்டு கையிலும் கருவளை போட்டிருந்தது என்றாள். கண்ணேறு படக்கூடாது என்று அவள் அம்மா வாங்கிப் போட்ட கருப்புப் பிளாஸ்டிக் வளையல். பெரியப்பா எடுத்துக்கொண்டு போகும்போது அதைக் கழற்றவில்லை. அந்தப் பெண்ணிடம் போனில் கேளுங்கள் என்றாள். இதையெல்லாம் படித்தவர்களிடம் எப்படிக் கேட்பது, அது ஆயிரக்கணக்கான வருஷத்துச் சமாச்சாரம் புள்ள என்றேன்.  என் போனை எடுத்து அவளே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. குழந்தை இருந்த இடத்து மண்ணை இன்னும் முழுதாகச் சலிக்கவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். அடுத்த வாரம் அவளே கூப்பிட்டாள். என் மனைவி போனைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "செரி கண்ணு" என்றாள். "அழுகாத. செரி கண்ணு." வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "இருக்குதாமுங்க" என்றாள். அவ்வளவுதான். அன்று வெள்ளிக்கிழமை. காய்ந்துகொண்டிருந்த பாலை என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்பிலேயே விட்டுவிட்டாள். அது பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது.

பெரியப்பா என்ன செய்தார் என்பதை அந்தப் பெண் பிற்பாடு விளக்கினாள். அவர் குழி தோண்டும்போது மண்வெட்டி தாழியின் வாயில் பட்டிருக்க வேண்டும். உள்ளே மெத்தென்று மண் நிறைந்த பானை. நாய் நரி தோண்டாது, மழையில் கரையாது என்று நினைத்தாரோ என்னவோ, குழந்தையை அதற்குள் வைத்து மூடியிருக்கிறார். உடைந்த விளிம்பில் ஒரு பக்கம் பழைய உடைப்பு என்று முதலிலேயே குறித்துவைத்தும், எதனால் என்று அவர்களுக்குப் புரியாமல் இருந்ததாம்.

இது எங்களுக்கும் துறைக்கும் மட்டும் உள்ள விஷயமாக முடியவில்லை. பழைய எலும்பு இல்லை என்று ஆனதும் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். டீச்சர் எனக்குப் போன் செய்து, வேறு வழியில்லை என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தோம். எஸ்.ஐ. மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் ஜீப் ஒருமுறை தோப்புக்கு வந்து போனால் போதாதா. டீக்கடையில் என் காது கேட்கவே ஒருவன் சொன்னான், "பொட்டப் புள்ளைன்னு பானைக்குள்ள போட்டு மூடிப்போட்டாங்களாட்ட இருக்குது." பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். நான் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். மாரியம்மன் கோயிலில் போய் உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமை தவறாமல் நான் கும்பிடுகிற அம்மன். அன்று என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. இந்தப் பேச்சு என் மனைவி காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள் தாயே என்று மட்டும் வேண்டினேன். வீட்டுக்குப் போனால் எனக்கு முன்னாலேயே அந்தப் பேச்சு அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

காமாலை என்று அந்த எலும்பைப் பார்த்துச் சொல்ல முடியாதா, ஒரு காகிதத்தில் எழுதித் தரமுடியாதா என்று அந்தப் பெண்ணிடம் நான் கேட்டேன். முடியாதுங்க அய்யா, இத்தனை சின்ன எலும்பில் அதெல்லாம் பதியாது என்றாள். கடைசியில் அந்தக் காலத்தை அறிந்த பெரியவர்கள் சிலரும் பிரசவத்தின்போது இருந்த நர்சம்மாவும் சொன்னதை வைத்துப் போலீஸ் விஷயம் முடிந்தது. ஊர்ப்பேச்சு முடிந்தது என்று சொல்லமாட்டேன்.

எலும்புகளை வாங்கிவரலாம் என்று தகவல் வந்ததும் என் மனைவி தானும் வருவதாகச் சொன்னாள். போகிற அன்று அவள் பையில் என்ன எடுத்துவைத்திருக்கிறாள் என்று பார்த்தேன். மடித்த துணி ஒன்று. என் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து, வெயிலில் காயவைத்து எடுத்திருந்தாள். நைந்து போய் வழவழவென்று இருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. செத்தவர்களுக்குக் கோடித் துணி போட வேண்டாமா, சித்தூர் கடைவீதியில் இறங்கி ஒரு வெள்ளைத் துண்டு வாங்க எவ்வளவு நேரம் ஆகும் என்றேன்.

"பொறந்த கொழந்தைக்கு ஆருங்க புதுத்துணி போடுவாங்க?" என்றாள். "ஒடம்புல உறுத்தாதுங்களா?"

 பச்சைக் குழந்தையைப் பழைய துணியில்தான் சுற்றுவோம். மகனுக்கும் என் பழைய வேட்டியைத்தான் கிழித்தாள். எனக்கு அது செத்துப்போன ஒன்று. அவளுக்கு அப்படி இல்லை.

துறையில் எங்களை ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். வராந்தாவில் அந்தக் கடைசிப் பலகை இருந்த இடம் காலியாக இருந்தது. டீச்சரின் முகம் வாடியிருந்தது. தாயும் சேயும் என்று எழுதியதைத் திரும்பப் பெற வேண்டியதாகிவிட்டது என்று அந்தப் பெண் பிறகு சொன்னாள். அவளுடைய ஆராய்ச்சியிலும் ஒரு பகுதி போய்விட்டதாம். ஆனால் டீச்சர் அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு மலையாளத்தில் க்ஷமிக்கணம், மன்னிக்க வேண்டும் என்றார். எதற்கு என்று இவள் கேட்டாள். உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. அவர்கள் தோண்டாமல் இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

அந்தப் பெண் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மேலே எழுத்தும் எண்ணுமாக ஏதோ எழுதியிருந்தது. உள்ளே பஞ்சுக்கு நடுவில் சின்னச் சின்னப் பைகள். நான் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முருங்கைக் குச்சியின் நுனி போல மெல்லியதாக இருந்தன.

என் மனைவி பெட்டியைத் தொடவில்லை. "பொண்ணுன்னு தெரியுதா கண்ணு?" என்று கேட்டாள்.

 அந்தப் பெண் பொய் சொல்லியிருக்கலாம், நான் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"இல்லீங்கம்மா. இத்தன சின்ன வயசுல எலும்ப வெச்சு ஆணா பொண்ணான்னு சொல்ல முடியாதுங்க. வளர்ந்திருந்தாத்தான் தெரியுமுங்க."

"வளந்திருந்தா," என்று இவள் திருப்பிச் சொன்னாள்.

பிறகு அந்தப் பெண் ஒரு சின்னப் பையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். கருவளை. மண் போகக் கழுவியிருந்தார்கள். நேற்று வாங்கியதுபோல் கருப்பாக இருந்தது. என் மனைவி அதைப் பையிலிருந்து எடுத்து விரலில் மாட்டிப் பார்த்தாள். விரலுக்குக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான்.

"இன்னொன்னு?"

ஒன்றுதான் கிடைத்தது என்றாள் அந்தப் பெண். தாழி மண் முழுவதையும் சலித்துவிட்டார்களாம், தண்ணீரில் கரைத்தும் பார்த்துவிட்டார்களாம். ரெண்டு கையிலும் போட்டிருந்துது கண்ணு என்று இவள் மறுபடியும் சொன்னாள். குற்றம் சொல்கிற குரலில் இல்லை. கடையில் மறதியாக ஒன்றைக் குறைத்துக் கொடுத்துவிட்டவரிடம் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னாள். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

பெட்டி வேண்டாம் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். மேசையிலேயே வேட்டித் துணியை விரித்து, பைகளிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக வைத்தாள். எது எந்த இடம் என்று அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: தலை, விலா, கால். இவள் அப்படியே வைத்து மடித்துச் சுற்றினாள். இடுப்புக்குக் கீழே துணியை இறுக்கி, தலைப்பக்கம் தளர்த்தி விட்டாள். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரயிலில் நல்ல கூட்டம். எங்களுக்கு உட்கார இடம் கொடுத்த ஒரு பையன், இவள் மடியிலிருந்த துணியைப் பார்த்துவிட்டு, குழந்தைக்குக் காற்று வேண்டுமே என்று ஜன்னலைத் தூக்கிவிட்டான். இவள் தலையசைத்தாள். பாலக்காடு வரும்வரை கையை மாற்றவில்லை. நான் வைத்துக்கொள்கிறேன் என்றேன். கனமே இல்லீங்க என்றாள்.

வீட்டில் என் பெரியப்பா மகன் காத்துக்கொண்டிருந்தான். பங்காளி என்ற முறையில் குழி எடுக்க அவனைத்தான் கூப்பிட்டிருந்தேன். தீட்டு உண்டா, என்ன செய்ய வேண்டும் என்று கோயில் பண்டாரத்திடம் முன்பே கேட்டிருந்தோம். அவருக்கும் தெரியவில்லை. அப்போதே தீட்டுக் கழிந்துவிட்டது, குளித்துவிட்டு விளக்கு ஏற்றுங்கள் போதும் என்றார். பங்காளி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, என் மனைவியைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"குடுங்க அண்ணி. நீங்க வரப்படாதுங்க. எங்கப்பன் பண்ணுன மாதிரியே நானே பண்ணிப்போட்டு வந்தர்றேன்."

"உங்கப்பா நல்லாத்தான் பண்ணியிருக்காரு," என்றாள். "அவரு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா நான் வருவேன்."

அவன் என்னைப் பார்த்தான். வழக்கம் எனக்கும் தெரியும். சாமி கும்பிடுகிறவன் நான், வழக்கத்தை மீறினால் எனக்குப் பயம். ஆனால் எந்தப் பிள்ளை தங்காமல் போகும் என்று இனிப் பயப்படுவது? வரட்டும் என்றேன். 

கன்னிமார் கற்களுக்குப் பக்கத்தில், இத்தனை வருஷமாகப் பால் ஊற்றிய அதே மண்ணில் குழி எடுக்கச் சொன்னாள். கடைசியில் கருவளையை வைத்துக்கொள்வாளோ என்று நினைத்தேன். இல்லை, துணியைக் கொஞ்சம் விலக்கி உள்ளே வைத்தாள். பிறகு அவளே குழியில் இறங்கி உட்கார்ந்து வைத்துவிட்டு, நான் கை கொடுக்க ஏறிவந்தாள். அழவில்லை. மூடி முடித்ததும், "இப்பத் தெரியும்," என்றாள்.

அதோடு அவள் மனசு ஆறிவிடும் என்று நினைத்தேன். இடம் தெரிந்துவிட்டது, பால் சரியான இடத்துக்குப் போகிறது, இனி என்ன என்று. ஆனால் தெற்கே வாய்க்கால் ஓரம் தாழி எடுத்த பள்ளம் பாதி தூர்ந்து கிடக்கிறது. மழை பெய்து ஓய்ந்ததும் மண் அங்கே கரைந்து ஓடி, அடியில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாக மேலே தெரியும். அப்படி மழை விட்ட காலைகளில் நான் பூஜை முடித்துவிட்டு வெளியே வந்து பார்த்தால், அடுப்படியில் ஆள் இருக்கமாட்டாள். பள்ளத்து ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, ஒரு குச்சியால் ஈர மண்ணைக் கிளறி மற்ற வளையைத் தேடிக்கொண்டிருப்பாள். நான் கூப்பிடுவதில்லை. கிணற்றடியில் நின்று, அவளாக எழுந்து வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். போன வாரம் மழை விட்ட அன்று நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன என்று அவள் கேட்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.